இடுக்கண் உற்ற குழந்தையும் இல்லத்தார் உறுதியும்

(மாரண்டஹள்ளியில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், பள்ளித் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று என்னைப் பேசப் பணித்த சங்கத்தார், கம்பநாடர் காவியத்தினின்றோ பெரியபுராணத்தினின்றோ ஒரு பகுதியை எடுத்து விரித்துரைக்குமாறு கேட்டனர். தமிழ் கற்பித்தலையே தொழிலாகக் கொண்ட எனக்கு அஃது எளிது. கேட்கும் உங்கட்கும் இனிது. ஆயினும் வேறொரு பொருள்பற்றிப் பேச யான் விடை கேட்டுப் பெற்றேன். அப்பொருள் இனியதன்று. ஒரு குழந்தைக்குப் பெருங்காயம் நேர்ந்து, அதன் கையோ காலோ பயனற்றுப் போயினபின், அவ்வில்லத்தார் எதனைப் பற்றிக்கொண்டு எழுகின்றனர்? அவர்கள் எழ முயலும்போது சுற்றத்தாராகிய நாம் தாங்குகின்றோமா, தள்ளுகின்றோமா? இதுவே இன்றைய பொருள். இதனைப் பேச எனக்குத் தகுதி யாதெனின், இவ்வகையில் யானும் ஒருமுறை பெரும்பிழை செய்தவன் என்பதே.

சில ஆண்டுகட்கு முன் என் வகுப்பில் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் பயின்றான். பெயரும் ஊரும் இங்கு வேண்டா. அவன் நம் வட்டாரத்தான், நம் சங்கத்துக் குடும்பத்தான் என்பது போதும். அவ்வீட்டாரின் இசைவு பெற்றே இதனைக் கூறுகின்றேன். விடுமுறை நாளொன்றில் கரும்பு ஆடும் இடத்தில் தந்தைக்கு உதவியாகக் கரும்புக் கழிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன், ஒரு கணம் கையை உள்ளே விட்டுவிட்டான். இயந்திரத்தை நிறுத்துவதற்குள் வலக்கை மணிக்கட்டு வரை நசுங்கிற்று. மருத்துவர்கள் உயிரைக் காத்தனர். கையைக் காக்க இயலவில்லை.

அவன் வீடு திரும்பி இரண்டு திங்கள் கழிந்தபின்னரே யான் காணச் சென்றேன். இதுவே என் முதற்பிழை. சென்றபோது சிறுவன் கதவின் பின்புறம், வருவோர் கண்ணிற் படாதவாறு அமர்ந்திருந்தான். தந்தை திண்ணையில் தலைகுனிந்திருந்தார். தாய் அடுப்படியினின்று வெளியே வரவில்லை. யான் என்ன சொல்லுவது என்று அறியாது, கற்றோர் பலரும் செய்வதைச் செய்தேன், “எல்லாம் ஊழ், ஊழை வெல்லுவார் யார்?” என்றேன். இஃது என் இரண்டாம் பிழை. அதுகேட்ட அச்சிறுவனின் பாட்டி என்னை நிமிர்ந்து நோக்கி, “விதியென்று சொல்ல நீங்கள் வரவேண்டுமா சாமி? அதைச் சொல்ல இந்த ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நீங்கள் வாத்தியார். நாளைக்கு இந்தப் பையன் எந்தக் கையால் எழுதுவான்? அதைச் சொல்லுங்கள்” என்றார்.

என்னிடம் விடையில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் என் படிப்பைப்பற்றி நாணினேன். அம்மூதாட்டி எழுத்தறியாதவர், எனினும் திருவள்ளுவர் நூலின் அமைப்பை என்னினும் நன்கு அறிந்தவர்போற் பேசினார். எங்ஙனமெனின், வள்ளுவனார் ‘ஊழ்’ என்னும் அதிகாரத்தை அறத்துப்பாலின் இறுதியில், முப்பத்தெட்டாவதாக வைத்தார். அத்துடன் நூலை முடித்துவிட்டாரோ? இல்லை. அதற்குப்பின் பொருட்பாலிற் புகுந்து, அறுபதாவதாக ஊக்கமுடைமையும், அறுபத்தொன்றாவதாக மடியின்மையும், அறுபத்திரண்டாவதாக ஆள்வினையுடைமையும், அறுபத்து மூன்றாவதாக இடுக்கணழியாமையும் என நான்கு அதிகாரங்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினார். ஊழை உரைத்தவரே அதற்குப்பின் முயற்சியை உரைத்தாரெனின், ஊழ் என்னும் சொல் பேச்சை முடிப்பதற்குரிய சொல்லன்று. செயலைத் தொடங்குவதற்கு முன் ஒருமுறை சொல்லிக் கடந்து செல்லவேண்டிய சொல் என்பதன்றோ பெறப்படும்? யானோ முப்பத்தெட்டாம் அதிகாரத்தோடு நூலை மூடிவிட்டு அவ்வீட்டிற்குச் சென்றேன். பாட்டியார் எஞ்சிய ஏட்டைப் புரட்டிக் காட்டினார்.

அன்பர்களே! அவ்வீட்டின் கதையை முடிப்பதற்கு முன், நாடறிந்த வேறோர் இல்லத்தின் கதையைக் கேளுங்கள். நம் ஊர்ப் புகைவண்டி நிலையத்தில் ஏறிச் சேலம் நோக்கிச் சென்றால், தருமபுரியைக் கடந்து ஓமலூர் வரும். அதனை அடுத்தது பெரியவடகம்பட்டி என்னும் சிற்றூர். 1965-ஆம் ஆண்டு வரை நம் தருமபுரிப் பகுதியும் சேலம் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தமையின், அவ்வூராரும் நாமும் ஒரு மாவட்டத்தாராக வாழ்ந்தவர்களே. 1995-இல் அவ்வூரில் மாரியப்பன் என்னும் குழந்தை பிறந்தது. தந்தையின் துணையின்றித் தாய் ஒருவரே பிள்ளைகளை வளர்க்கும் நிலை. அவ்வம்மையார் செங்கல் சுமந்தார். பின்னர்க் காய்கறி விற்றார்.

மாரியப்பனுக்கு ஐந்து வயது. பள்ளிக்கு நடந்து செல்லுகையில் பஸ் வண்டியொன்று அவன்மீது ஏறிற்று. வலக்கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிற்று. ஓட்டுநர் மதுவருந்தியிருந்தார் என்பதை அவரே பிற்காலத்திற் கூறியிருக்கிறார். அக்கால் அதன்பின் வளரவில்லை. இன்றும் ஐந்து வயதுக் குழந்தையின் காலாகவே தம்மோடு இருக்கின்றது என்றும் அவர் கூறியதுண்டு. தாயார் சிகிச்சைக்காக ஏறத்தாழ 3 இலட்சம் ரூபாய் கடன் பெற்றார். நாளொன்றுக்கு நூறு ரூபாய் அளவில் ஈட்டுபவருக்கு அத்தொகை எத்தகைய மலை என்பதைத் தக்காளிக் கூடை சுமந்து பாலக்கோட்டுச் சந்தைக்குச் செல்லும் நம் தாய்மார்கட்கு யான் விளக்கவேண்டுவதில்லை.

அத்தாய் செய்த பெருஞ்செயல் யாது? மகனை மீண்டும் பள்ளிக்கு அனுப்பினார். கடன் வாங்கியதினும் இதுவே பெரிதென்பேன். எந்த வழியிற் கால் நசுங்கிற்றோ அந்த வழியே மகன் மறுபடியும் செல்வதைப் பார்த்திருக்க ஒரு தாய்க்கு எவ்வளவு உறுதி வேண்டும்! கடன் கொடுப்பார் உலகில் உண்டு. இவ்வுறுதியைக் கடனாகக் கொடுப்பார் எவருமில்லை.

அவன் பள்ளிக்குச் சென்றமையினால் அன்றோ உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் கண்ணிற் பட்டான்? கைப்பந்து ஆட விரும்பிய சிறுவனை அவ்வாசிரியர் உயரந்தாண்டுதலிற் புகுத்தினார். பதினான்காம் வயதில், உடற்குறை ஏதுமற்ற மாணவரோடு போட்டியிட்டு இரண்டாமிடம் பெற்றான். பின்னர்ச் சத்யநாராயணா என்னும் பயிற்சியாளர் அவரைப் பெங்களூருக்கு அழைத்துச் சென்று பயிற்றினார். 2016-ஆம் ஆண்டு செப்டம்பரில், பிரேசில் நாட்டு ரியோ நகரில் நிகழ்ந்த பாரா ஒலிம்பிக் போட்டியில், மாரியப்பன் தங்கவேலு 1.89 மீட்டர், அஃதாவது ஆறடி இரண்டங்குலத்திற்கு மேல் தாண்டித் தங்கப்பதக்கம் பெற்றார். ஒரு கால் ஐந்து வயதிலேயே நின்றுவிட்ட மனிதர், தம்மினும் உயர்ந்த ஓர் ஆளின் தலைக்கு மேல் தாண்டும் உயரம் அது.

அதனோடு நின்றாரல்லர். டோக்கியோவில் 2021-இல் நிகழ்ந்த போட்டியில் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளியும், பாரிஸில் 2024-இல் 1.85 மீட்டர் தாண்டி வெண்கலமும் பெற்றார். டோக்கியோவில் நம் நாட்டுக் கொடியை ஏந்திச் செல்லும் பெருமை அவர்க்கே அளிக்கப்பட்டிருந்தது. நோய்த்தொற்று உற்ற ஒருவருக்கு அருகிலிருந்தமையின் தனித்து வைக்கப்பட்டு, அப்பேற்றை இழந்தார். எனினும் சில நாளிற் களத்தில் இறங்கிப் பதக்கம் பெற்றார். 2017-இல் பத்மஸ்ரீ விருதும், 2020-ஆம் ஆண்டிற்குரிய கேல் ரத்னா விருதும் அவர்க்கு வழங்கப்பெற்றன. 2016-இல் பரிசுத்தொகை அறிவிக்கப்பெற்றபோது, அதில் 30 இலட்சம் ரூபாயைத் தாம் படித்த அரசுப் பள்ளிக்கு அளிப்பதாக அவர் கூறியதை யான் ஆசிரியன் என்ற முறையில் மறத்தற்கில்லை. அவர் எக்குலத்தார் என்று யான் ஆராய்ந்ததில்லை, நீங்களும் ஆராயவேண்டா. காய்கறி விற்கும் ஒரு தாயின் மகன் என்பதே நமக்குப் போதிய குலமுறை.

இனி, பெண்மகவொன்றின் வரலாறு. கும்பகோணத்திற் பிறந்து, தந்தையின் பணியின்பொருட்டு இராஜஸ்தானத்துப் பிகானேரில் வளர்ந்தவர் மாளவிகா ஐயர். 2002-ஆம் ஆண்டு மே 26-ஆம் நாள், அவர்க்கு வயது பதின்மூன்று. அவ்வாண்டின் தொடக்கத்தில் அந்நகரையடுத்த படைக்கலக் கிடங்கொன்று தீப்பற்றியதில் வெடிப்பொருள்கள் சுற்றுப்புறத்தே சிதறிக் கிடந்தன. ஆடையின் கிழிசலைப் பசையிட்டு ஒட்டி, அதனை அழுத்திவைக்கக் கனமான பொருள் ஒன்றைத் தேடிய சிறுமி, வெடிகுண்டென அறியாது ஒன்றை எடுத்தாள். இரு கைகளும் போயின, கால்களும் பெருங்காயமுற்றன. மருத்துவமனையில் அரைநினைவோடு கிடந்தபோது, “இப்பெண் சாபம் பெற்றவள், இவள் வாழ்வு முடிந்தது” என்னும் கருத்துப்படப் பெண்டிர் சிலர் தம்முட் பேசிக்கொண்டது தம் செவியில் விழுந்ததை அவர் பிற்காலத்து மேடைகளிற் கூறியிருக்கிறார். தாய்மார்களே, இதனைச் சற்றே நினைமின்! பல திங்கள் நீடித்த அறுவைகளின் நோவைக் கூறியவர், அவற்றோடு அச்சொல்லையும் மறவாது கூறினார். வெடியால் நேர்ந்த புண்ணோடு சொல்லால் நேர்ந்த புண்ணும் நினைவில் நின்றது.

அவர் தாயார் மகளின் அருகிலேயே இருந்தார். ஏறத்தாழ இரண்டாண்டுகள் சென்னையிற் சிகிச்சை. அதன்பின், பள்ளிசென்று பயிலாத தனித்தேர்வராக, தாம் சொல்லச் சொல்லப் பிறரொருவர் எழுத, பத்தாம் வகுப்புத் தேர்வெழுதி மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றார். அக்காலத்துக் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவரை மாளிகைக்கு அழைத்துப் பாராட்டினார். தில்லியில் பொருளியலும், பின்னர்ச் சமூகப்பணிக் கல்வியும் பயின்று, 2017-இல் முனைவர் பட்டம் பெற்றார். வலக்கையின் எஞ்சிய பகுதியில், தசையால் மூடப்படாது ஓர் எலும்பு துருத்தி நின்றது. அவசரத்தில் தைத்தபோது நேர்ந்த பிழை என அவரே கூறுவார். அந்த எலும்பையே ஒற்றை விரலாகக் கொண்டு, தம் ஆராய்ச்சி நூலைத் தட்டச்சுச் செய்தார்! 2018-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் நாள், ‘நாரி சக்தி’ விருதைக் குடியரசுத் தலைவர் கையினின்று பெற்றார்.

அன்பர்களே! இவ்விரு வரலாறுகளையும் கேட்டு நீங்கள் மகிழ்ந்தீர்கள். ஆயினும் இங்கு ஓர் எச்சரிக்கை கூறுதல் என் கடன். பதக்கமும் பட்டமும் பெற்றவர்களையே எடுத்துக்காட்டி, “நீ ஏன் அவ்வாறு ஆகவில்லை?” என்று காயமுற்ற குழந்தையை வினவுவது மற்றொரு கொடுமை. நலமுள்ள நம் பிள்ளைகளில் எத்தனைபேர் ஒலிம்பிக் சென்றனர்? கை இழந்த சிறுவன் கணக்கெழுதி, கடை நடத்தி, மணம் புரிந்து, மக்களைப் பெற்று, நம்மைப்போல் எளிய வாழ்வு வாழ்வானாயின் அதுவே நிறைந்த வெற்றி. மாரியப்பன் தாயிடம் நாம் கற்கவேண்டுவது பதக்கம் பெறும் வழியன்று. காயம் ஆறியவுடன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் துணிவையே கற்கவேண்டும்.

இனி என் மாணவன் இல்லத்திற்குத் திரும்புவோம். பாட்டியார் வினவிய மறுநாள் மாலை, ஒரு பலகையும் சுண்ணக்கட்டியும் கொண்டு மறுபடியும் சென்றேன். “இந்தக் கையால் எழுதுவான்” என்று அவன் இடக்கையைத் தொட்டேன். முதல் வாரம் வட்டங்களே வரைந்தான்; அவையும் வட்டங்களாக வரவில்லை. மூன்றாம் வாரத்தில் ‘அ’ என்னும் எழுத்து ஒருவாறு உருப்பெற்றது. ஆறாம் வகுப்பில் அழகிய கையெழுத்திற்குப் பரிசு பெற்றவன், அதனைக் கண்டு பலகையை வீசியெறிந்தான். அப்பொழுது அடுப்படியினின்று வெளியே வந்த தாய், பலகையை எடுத்து, தம் இடக்கையால் ‘அ’ எழுதினார். அஃது அவன் எழுதியதினும் கோணலாக இருந்தது. சிறுவன் இரண்டு திங்களிற் பிறகு அன்றுதான் சிரித்தான் என்று கேட்டறிந்தேன். அன்று தொட்டுத் தாயும் மகனும் இருவரும் இடக்கையால் எழுதிப் பழகினர்.

எழுத்தினும் கடியது உணவு. இடக்கையால் உண்பதை நம்மவர் எவ்வளவு இழிவாகக் கருதுவர் என்பதை நான் கூறவேண்டா. உறவினர் இல்லத்துத் திருமணப் பந்தியொன்றில், அவன் இடக்கையை இலையில் வைத்தபோது, பக்கத்திலிருந்த ஒருவர் முகஞ்சுளித்து இடம் மாறி அமர்ந்தார். அவரும் நம்மவரே. சிறுவன் எழ முற்பட்டான். உடனே பாட்டியார் வந்து, வெறுமையான அவ்விடத்தில் அமர்ந்து, தாமும் இடக்கையால் சோற்றைப் பிசைந்து உண்ணலானார். எழுபது வயதுவரை ஆசாரம் தவறாத மூதாட்டி! பந்தி முழுவதும் பார்த்தது. எவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. ஆசாரத்தின் பயன் அன்பாயின், அன்று அப்பந்தியில் ஆசாரம் காத்தவர் அவர் ஒருவரே.

கோயிலிலும் இவ்வாறே. திருநீற்றை இடக்கையில் வாங்கலாகாதென்று அஞ்சி, சிறுவன் மாரியம்மன் கோயிலுக்குச் செல்ல மறுத்தான். பாட்டியார் பூசாரியிடம் சென்று ஏதும் வழக்காடவில்லை. “அம்மன் கொடுத்த கை இப்போது இவனுக்கு இது ஒன்றுதான்” என்று மட்டும் கூறினார். பூசாரி ஒரு கணம் நின்று, தம் விரலால் தாமே அவன் நெற்றியில் திருநீறு இட்டு, எலுமிச்சங்கனியொன்றை அவனது இடக்கையில் வைத்தார். அதுமுதல் வெள்ளிதோறும் அவன் சென்றுவருகின்றான்.

தந்தையோ ஓராண்டு காலம் கோயில் வாயிலை மிதிக்கவில்லை. தன் கண்முன்னே, தன் ஏவலில் நின்ற மகனுக்கு நேர்ந்தது அவரை உள்ளிருந்து அரித்தது. சுற்றத்தார் சிலர், “தெய்வ நிந்தனை செய்கின்றான்” என்று பாட்டியாரிடம் புறங்கூறினர். அம்மையார் கூறிய விடையை யான் எந்தச் சாத்திரத்திலும் கற்றதில்லை: “அவன் அம்மனிடம் கோபித்துக்கொண்டிருக்கிறான். இல்லாதவளிடம் எவனாவது கோபித்துக்கொள்வானா? வரும்போது வருவான், விடுங்கள்.” ஓராண்டு கழித்து அவர் வந்தார். எவரும் அழைக்கவில்லை; எவரும் ஏனென்று கேட்கவுமில்லை.

இவற்றால் நம்பிக்கை என்பது யாதென ஒருவாறு விளங்குகின்றது. பெரியபுராணத்துள் சுந்தரமூர்த்தி நாயனார் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். திருவொற்றியூரைக் கடந்தவுடன் இரு கண்ணும் இழந்தார். அவர் கண்ணிழந்தது சூளுரை தவறியமையால் என்று புராணம் கூறும். நம் குழந்தைகள் எச்சூளும் தவறினவல்ல. ஆதலின் காரணத்தை விட்டு, அவர் செய்ததை மட்டும் கொள்வோம். கண் வேண்டினார், திருவெண்பாக்கத்தில் இறைவன் அளித்தது ஊன்றுகோல் ஒன்றே. அவர் அக்கோலை ஊன்றி நடந்தார். காஞ்சியில் இடக்கண் கிடைத்தது. திருவாரூரை அடைந்தபின்னரே வலக்கண் கிடைத்தது. வேண்டியது கிடைக்கும்வரை வழியில் அமர்ந்திருந்தாரல்லர். கிடைத்த கோலோடு நடந்தார். நம்பிக்கை என்பது கண் கிடைக்கும் என்று காத்திருத்தலன்று, கோல் கொண்டு நடத்தல். அப்பாட்டியார் அம்மனிடம் கை முளைக்கவேண்டும் என்று நேர்ந்துகொள்ளவில்லை. “இவன் எழுதவேண்டும்” என்றே நேர்ந்துகொண்டார்.

இனி, ஊன்றுகோலாக நாம் ஆற்றவேண்டிய கடமைகளைச் சுருங்கக் கூறுவேன்.

முதலாவது, முதல் மணிநேரத்தில் செய்யவேண்டியது. குருதி பெருகினால் தூய துணியால் அழுத்திப் பிடியுங்கள். காப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் முதலியவற்றைப் புண்ணில் அப்பாதீர்கள். விரலோ கையோ துண்டிக்கப்பட்டால், அதனைத் தூய ஈரத்துணியிற் சுற்றிப் பிளாஸ்டிக் பையிலிட்டு மூடி, அப்பையைப் பனிக்கட்டியின்மேல் வைத்துக் கொண்டுசெல்லுங்கள்; துண்டித்த உறுப்பைப் பனிக்கட்டியில் நேரே இடலாகாது. 2008 முதல் நம் மாநிலத்தில் 108 என்னும் எண்ணில் ஊர்தி வருகின்றது. சாலை விபத்தாயின், முதல் 48 மணிநேரச் சிகிச்சைக்கு அரசு உதவும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. பணம் திரட்டிய பின் செல்வோம் என்று ஒரு நொடியும் தாழ்க்காதீர்கள்.

இரண்டாவது, மறுவாழ்வு. புண் ஆறுதலோடு சிகிச்சை முடிவதில்லை; எஞ்சிய உறுப்பைப் பழக்குதலும் சிகிச்சையே. 1954-இல் நேர்ந்த கார் விபத்தில் முதுகெலும்பு முறிந்து நடக்க இயலாதுபோன டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே அறுவை செய்து, வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்தார். அவர் முயற்சியால் 1966-இல் வேலூர்ப் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் தோன்றிற்று. நம் ஊரினின்று வேலூர் தொலைவிலில்லை. செயற்கைக் கால் வேண்டுவார்க்கு, 1968-இல் ஜெய்ப்பூரில் உருவான ‘ஜெய்ப்பூர்க் கால்’ தரையில் அமரவும், சேற்றில் நடக்கவும், செருப்பின்றிச் செல்லவும் ஏற்றது. நம் உழவர் வாழ்க்கைக்கு இசைந்தது.

மூன்றாவது, கல்வி. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, நூற்றுக்கு நாற்பது அளவும் அதற்கு மேலும் குறையுற்ற குழந்தைக்கு, ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரை கட்டணமின்றிக் கல்வி பெறும் உரிமை உண்டு. தேர்வில் எழுதுவோர் துணையும் மிகுதியான நேரமும் கேட்டுப் பெறலாம். அரசுப் பணியில் நூற்றுக்கு நான்கும், உயர்கல்வியில் நூற்றுக்கு ஐந்தும் இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. இவை பிச்சையல்ல, உரிமை. ஆயினும் சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் பெற்றாலன்றி இவற்றைப் பெறுதல் அரிது. அலுவலகம் அலுவலகமாக அலைய அத்துயருற்ற தந்தைக்கு மனமும் இராது, நாட்கூலியும் இடந்தராது. இங்குதான் சங்கம் வேண்டும். திருமண மண்டபத்திற்கு நிதி திரட்டும் நாம், படிவம் எழுதிக்கொடுத்துத் தருமபுரிக்கு உடன்செல்ல இரண்டு இளைஞரை நியமித்தல் ஆகாதா? சிகிச்சைக்காக நகையை அடகு வைத்த குடும்பத்தின் வட்டியையாவது ஓராண்டு நாம் ஏற்றல் ஆகாதா? இதனை இன்றைய அவையின்முன் ஒரு வேண்டுகோளாகவே வைக்கின்றேன்.

நான்காவது, காவல். கரும்பாடும் இயந்திரம், கதிரடிக்கும் இயந்திரம், கிணற்று மோட்டார் ஆகியவற்றின் சுழலும் பகுதிகளுக்கு மூடியிடுங்கள். உடனே நிறுத்தும் விசை எட்டும் தொலைவில் இருக்கட்டும். எக்காரணத்தாலும் குழந்தைகளை அருகில் நிறுத்தாதீர்கள். உதவிக்கு ஆளில்லை என்பது உண்மையே. ஆயினும் ஒருநாட் கூலியை மிச்சம்பிடிக்க நாம் பணயம் வைப்பது எதனை என்று எண்ணிப் பாருங்கள்.

ஐந்தாவது, நாவடக்கம். “யார் செய்த பாவமோ”, “தாய் எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள்”, “இனி இவனுக்கு யார் பெண் கொடுப்பார்” என்னும் மூன்று சொற்றொடர்களை நம் குலத்தார் வாயினின்று நீக்கினால், சங்கம் தோன்றிய பயன் பாதி கிட்டியது என்பேன். அவ்வில்லத்தின் பிற குழந்தைகளையும் மறவாதீர்கள். காயமுற்ற தமையனைச் சுற்றியே வீடு சுழலும்போது, தங்கை ஒரு மூலையில் தனித்து நிற்பாள். அவளை ஒருநாள் அழைத்துச் சென்று ஒரு நல்ல உடை வாங்கிக்கொடுப்பதும் அறமே. ஆறுதல் சொல்லத் தெரியாவிடில், சொல்லாது அமர்ந்திருங்கள். ஒரு படி அரிசியோ, ஒரு சொம்பு பாலோ கொண்டுசென்று வைத்துவிட்டு வாருங்கள். விரைந்து செல்லுங்கள், என்னைப்போல இரண்டு திங்கள் தாழ்க்காதீர்கள்.

பேச்சை முடிக்கும் வேளை வந்தது. அச்சிறுவன் இப்பொழுது பத்தாம் வகுப்பிற் பயில்கின்றான். மதிப்பெண்ணில் முதல்வனல்லன், கணக்கில் சற்றுப் பின்தங்கியவனே. வலக்கை இருந்தபோது எழுதியது போன்ற அழகிய எழுத்து அவனுக்கு மீளவில்லை. மீளுமென்றும் யான் சொல்லேன். இன்றும் சில இரவுகளில் இயந்திர ஓசை கேட்டு விழித்தெழுகின்றான் என்று தாயார் கூறுகின்றார். துயர் தீர்ந்துவிடவில்லை, அதனோடு வாழப் பழகியிருக்கின்றனர்.

ஆயினும் ஒன்று. இக்கூட்டத்திற்காக உங்கள் ஒவ்வொருவர் இல்லத்திற்கும் அழைப்பிதழ் வந்ததன்றோ? அதன் உறைமேல் உங்கள் பெயரும் ஊரும் சற்றே இடப்பக்கம் சாய்ந்த எழுத்தில் எழுதப்பட்டிருந்ததைக் கண்டிருப்பீர்கள். பிழையின்றி எழுதப்பட்டிருந்தமையால் உங்கள் எல்லார்க்கும் அவை தவறாது வந்து சேர்ந்தன. அவற்றை எழுதிய கை எந்தக் கை என்பதை இனி நான் சொல்லவேண்டுவதில்லை. பாட்டியார் அன்று கேட்ட வினாவிற்கு என்னால் இயன்ற விடை இதுவே.

நம் இல்லங்களில் எக்குழந்தைக்கும் இடுக்கண் நேராதிருக்க அன்னை அருள்வாளாக. நேர்ந்தவிடத்து நாம் ஊன்றுகோலாக நிற்க நமக்கு அறிவு தருவாளாக.